நான்கும் நந்நான்கும்: புற்றுநோய் மருந்துச் சீட்டின் மொழி வரலாறு



மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவர் மருத்துவத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நோயின் போக்கை அறிந்து மருந்தைத் தேரும் கல்வி நம்முடையது அன்று. ஆயினும், எந்த மருந்தும் நோயாளியின் உடலுக்குள் செல்லுமுன் ஒரு சொற்றொடராகவே இருக்கிறது. மருத்துவர் அதனை எழுதுகிறார், மருந்தாளர் படிக்கிறார், தாதியர் மீண்டும் படிக்கின்றனர், நோயாளி தம் வீட்டில் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ படிக்கிறார், அல்லது பிறர் படிக்கக் கேட்கிறார். எழுத்தும் வாசிப்பும் நிகழும் இடம் மொழியின் ஆட்சிக்கு உட்பட்ட இடம். அங்கு நிகழும் பிழைகளுள் பெரும்பகுதி மொழிப் பிழைகளே.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அந்நான்கு. இந்நான்கையும் ஒன்றோடொன்று இணைப்பது எது என்று வினவினால், மொழி என்றே விடை கூற வேண்டும். அவ்விணைப்பு அறுந்த இடங்களையும், அதனை மீண்டும் முடிய மனிதர் கண்ட வழிகளையும் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாற்றிலிருந்து எடுத்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

நஞ்சே மருந்தான கதை

புற்றுநோய்க்கான வேதிச் சிகிச்சை போர்க்களத்தின் நிழலில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நச்சு வாயுக்களை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழக அறிஞர்களான லூயி குட்மன், ஆல்பிரெட் கில்மன் ஆகியோர், அவ்வாயுவோடு உறவுடைய நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருள் நிணநீர்க் கட்டிகளைச் சுருக்குவதைக் கண்டனர். 1942-ஆம் ஆண்டில் அது ஒரு நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. நஞ்சே மருந்தாயிற்று. விரைந்து பெருகும் உயிரணுக்களை அது கொல்லும். புற்று அணுவையும் கொல்லும், எலும்பு மச்சையின் நல்லணுவையும் கொல்லும்.

இதனால்தான் புற்றுநோய் மருந்துகளில் அளவு என்பது உயிர்நிலையாகிறது. பயன் தரும் அளவுக்கும் உயிர் குடிக்கும் அளவுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைச் சதுர மீட்டரில் கணித்து, பல மருந்துகளின் அளவுகளை அப்பரப்பிற்கேற்பப் பெருக்கி, எந்த நாளில் எது, எத்தனை சுற்று என்று வகுத்து எழுத வேண்டும். ஒரே சீட்டில் நான்கைந்து மருந்துகளும் அவற்றின் நாள்களும் இடம்பெறுவதுண்டு. ஓர் இலக்கமோ ஒரு சொல்லோ தவறினால், பிற மருந்துகளில் பொறுத்துக்கொள்ளும் உடல் இங்கே பொறுப்பதில்லை.

இவ்வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் உண்டு. பீமாவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சியை வழிநடத்தினார். போலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகள் அவருடைய குழுவில் உருவாயின. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். அக்குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

மெத்தோட்ரெக்சேட்டின் பயன்பாடு ஒரு மொழிப் பாடமும் ஆகும். இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் இம்மருந்து, குறைந்த அளவில் மூட்டுவாதத்திற்கும் வாரம் ஒருமுறை தரப்படுகிறது. பெரும்பாலான மாத்திரைகள் நாள்தோறும் உண்ணப்படுபவை. ஆகவே எழுதுபவர் கையும் உண்பவர் மனமும் 'நாள்' என்னும் சொல்லுக்கே பழகியிருக்கின்றன. வாரத்திற்கு உரிய மாத்திரையை நாள்தோறும் உண்டோர் வாய்ப்புண்ணும் மச்சை அழிவும் நேர்ந்து இறந்த செய்திகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. மாத்திரையும் எண்ணிக்கையும் சரியாகவே இருந்தன. பிழைத்தது காலத்தைக் குறிக்கும் ஒரு சொல்தான்.

ஒரே செடி, இரு பெயர்

நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை, நீரிழிவுக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கையில், கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் ஆராய்ந்தார். நீரிழிவு குறையவில்லை, ஆனால் வெள்ளணுக்கள் குறைந்தன. அவரும் சார்ல்ஸ் பியரும் 1950-களின் இறுதியில் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் எலி லில்லி நிறுவன ஆய்வாளர்கள் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினைப் பிரித்தனர். 1963-இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஏற்கப்பட்டது.

இரண்டும் ஒரு செடியின் பிள்ளைகள் ஆதலால் ஒரே குடும்பப் பெயரைச் சுமக்கின்றன. ஆனால் அளவு வேறு. வின்கிரிஸ்டினை ஒரு முறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை என்பது பலவிடத்தும் பின்பற்றப்படும் வரம்பு. வின்பிளாஸ்டினின் வழக்கமான அளவு அதனைப் போல் பன்மடங்கு. ஒன்றின் பெயரில் மற்றொன்றின் அளவை எழுதினால் விளைவை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பெயரிடும் கலையில் ஒரு முரண் இருப்பதைக் காண்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் மருந்துகளுக்குப் பொதுப்பெயர் சூட்டும் முறையை ஏற்படுத்தி, 1953-இல் முதற்பட்டியலை வெளியிட்டது. ஒரே இனத்து மருந்துகளுக்குப் பொதுவான பகுதியோ விகுதியோ அமைய வேண்டும் என்பது அதன் நெறி. நம் இலக்கணத்தில் விகுதி கொண்டே திணை பால் அறிவது போல, பெயரைக் கண்டதும் மருந்தின் இனத்தை அறியலாம். கற்பவருக்கு இது பெருநன்மை. ஆனால் இனம் காட்டும் ஒற்றுமையே ஆளை அடையாளம் காண்பதற்குத் தடையாகிறது. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் என்பனவும், டாக்சோரூபிசின், டௌனோரூபிசின் என்பனவும் இவ்வாறு அண்ணன் தம்பிகளாய் நின்று குழப்புவன.

இதற்கு ஆங்கில எழுத்தில் ஒரு தீர்வு கண்டனர். பெயரில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணை அவ்விடத்தில் நிறுத்துவது அம்முறை. நம் எழுத்திலோ பெரியது சிறியது என்ற வேறுபாடு இல்லை. ஆகவே நாம் வேற்றுமையை வேறு வழியில் காட்ட வேண்டும்: தடித்த எழுத்தாலோ, நிறத்தாலோ, பெயரோடு பயனையும் சேர்த்து எழுதுவதாலோ. பிறமொழி கண்ட மருந்து நம் மொழிக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இது ஒரு சான்று.

பாஸ்டனில் நேர்ந்த பொருள் மயக்கம்

1994-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் டானா பார்பர் புற்றுநோய் நிலையத்தில் பெட்சி லேமன் என்பவர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். அவர் பாஸ்டன் குளோப் நாளிதழில் உடல்நலப் பத்தி எழுதியவர், வயது 39. அவருக்குச் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்து, நான்கு நாள்களில் சதுர மீட்டருக்கு நான்கு கிராம் என்ற கணக்கில் கொடுக்கப்பட வேண்டும். நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம், மொத்தம் நான்கு. ஆனால் நாளொன்றுக்கே நான்கு கிராம் என்று பொருள்கொள்ளப்பட்டு, நான்கு நாளும் அவ்வாறே கொடுக்கப்பட்டது. டிசம்பர் 3-இல் அவர் இறந்தார். உலகப் புகழ்பெற்ற நிலையம் அது. தேர்ந்தவர் பலரின் கண்வழியே அச்சீட்டு கடந்து சென்றது. ஆயினும் 1995 பிப்ரவரியில் பதிவேடுகளைச் சரிபார்த்தபோதுதான் பிழை வெளிப்பட்டது.

இதனை மொழியியலார் நோக்கில் காண்போம். 'நான்கு நாள், நான்கு கிராம்' என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, தொகுத்துச் சொல்வது; மற்றொன்று, நாள்தோறும் பகிர்ந்து சொல்வது. எண்ணுப்பெயர் வரும் தொடர்களில் இம்மயக்கம் பல மொழிகளுக்கும் பொது.

தமிழ் இம்மயக்கத்தை நீக்கும் கருவியைப் பழங்காலத்திலேயே உருவாக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐயைந்து என்று எண்ணை இரட்டித்தால், அது 'ஒவ்வொருவருக்கும்' அல்லது 'ஒவ்வொரு முறையும்' என்று பகிர்ந்து நிற்கும். பவணந்தி முனிவர் நன்னூலின் புணரியலில் இவ்விரட்டிப்புக்கு விதி வகுத்துள்ளார். 'நான்கு நாளில் நான்கு' என்றால் மொத்தம் நான்கு. 'நான்கு நாளும் நந்நான்கு' என்றால் மொத்தம் பதினாறு. வகுப்பறையில் புணர்ச்சி விதியாக மட்டும் மனனம் செய்யப்படும் இச்சொற்கள், ஓர் உயிரின் அளவை வரையறுக்கும் ஆற்றல் உடையவை. இவற்றை இலக்கண வினாத்தாளில் பூட்டி வைத்திருப்பது நம் குறை.

குற்றவாளியைத் தேடுவதா, வழியைத் திருத்துவதா?

வின்கிரிஸ்டின் நரம்புக்குள், அதாவது இரத்தக் குழாய்க்குள் மட்டுமே செலுத்தப்பட வேண்டியது. முதுகுத்தண்டின் நீர்க்குழியில் செலுத்தினால் பெரும்பாலும் மரணமே முடிவு. சில புற்றுநோய்களுக்கு அதே காலப்பகுதியில் வேறொரு மருந்து முதுகுத்தண்டு வழியே தரப்படும். இரண்டும் ஊசிக்குழலில் அடைபட்டு ஒரே மேசைக்கு வந்தால் கை மாறுவது எளிது. 1960-களிலிருந்தே இப்பிழை பதிவாகியுள்ளது. 2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவருக்கு அது நேர்ந்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

அதனை ஆராய்ந்த பிரையன் டாப்ட் அறிக்கை நமக்கு ஒரு புதிய பார்வையைத் தந்தது. ஊசியைச் செலுத்திய கையோடு விசாரணை நிற்கவில்லை. பொதியின் தோற்றம், பெயர்ச்சீட்டின் சொற்கள், இரு மருந்துகளும் ஒரே வேளையில் வந்தமை, புதியவர் மூத்தவரை வினவத் தயங்கியமை எனப் பல கண்ணிகள் ஒன்றாய் அவிழ்ந்தமையை அது காட்டியது. பின்னர் 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் அடைக்காமல் சிறு பையில் கரைத்து வழங்கும்படி அறிவுறுத்தியது. பையைத் தூக்கி முதுகுத்தண்டில் ஏற்ற எவருக்கும் தோன்றாது. 'கவனமாக இரு' என்னும் அறிவுரை செய்ய முடியாததை ஒரு பையின் வடிவம் செய்தது.

இவ்வெண்ணத்திற்கு வித்திட்ட நூல், 1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட 'தவறுவது மனித இயல்பு' என்னும் பொருள்பட்ட அறிக்கை. அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை தடுக்கக்கூடிய பிழைகளால் இறக்கின்றனர் என்ற அதன் மதிப்பீடு உலகையே திடுக்கிட வைத்தது. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம், மருந்தால் விளையும் தவிர்க்கத்தக்க கடுந்தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்கும் இலக்கோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. செப்டம்பர் 17 உலக நோயாளி பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2022-இல் அதன் பொருள் மருந்துப் பாதுகாப்பே.

ஒரு புள்ளியின் விலை

மருந்துச் சீட்டில் மிகச் சிறிய குறி பதின்மப் புள்ளி. மிகப் பெரிய தீங்கு செய்வதும் அதுவே. 1.0 என்று எழுதியதில் புள்ளி மங்கினால் பத்தாகும். முன்னே சுழியமின்றி .5 என்று எழுதியதில் புள்ளி விடுபட்டால் ஐந்தாகும். இரண்டிலும் பிழை பத்து மடங்கு. 2004-இல் அமெரிக்க மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பு, எழுதக்கூடாத குறியீடுகளின் பட்டியலை நடைமுறைப்படுத்தியது. பின்னொட்டுச் சுழியமும், முன்சுழியம் அற்ற புள்ளியும், நாள்தோறும் என்பதற்குரிய இலத்தீன் சுருக்கமும் அதில் இடம்பெற்றன.

புள்ளியின் அருமையைத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் மறைந்தன. பதிப்பாசிரியர்கள் ஒரு சொல்லின் முன் பல நாள் நின்ற வரலாறு நாம் அறிந்ததே. இலக்கிய ஏட்டில் அம்மயக்கம் பாடபேதத்தைத் தந்தது. மருத்துவ வாகட ஏட்டில் அதுவே வேறு மூலிகையைத் தரக்கூடும்.

அதே மரபில் ஒரு நன்மையும் இருந்தது. நம் முன்னோர் பின்னங்களைப் பெயரிட்டே வழங்கினர்: அரை, கால், அரைக்கால், மாகாணி. 'அரை' என்னும் சொல் எவ்வளவு மங்கினாலும் 'ஐந்து' ஆகாது. வங்கிக் காசோலையில் தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதும் வழக்கத்தின் கருத்தும் இதுவே. பணத்திற்குக் காட்டும் இவ்வெச்சரிக்கையை மருந்திற்கும் காட்டுவது மிகை அன்று.

நம் நாட்டில்

மலேசியாவில் நோயாளி பாதுகாப்பு மன்றம் 2003-இல் அமைந்தது. மருந்துப் பிழைகளை அறிவிக்கும் முறையைச் சுகாதார அமைச்சு 2009-இல் தொடங்கியது. நோயாளியை எட்டுமுன் தடுக்கப்பட்ட பிழைகளும் அதில் பதியப்படுகின்றன. இதுவே அதன் சிறப்பு. தடுக்கப்பட்ட பிழையை மறைப்பவர் அடுத்தவருக்கு உரிய பாடத்தை மறைக்கிறார்.

ஜொகூரில் புற்றுநோயாளர்க்கு ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை முதன்மையான அரசு மையமாக விளங்குகிறது. சிகாமட்டிலிருந்தும் மெர்சிங்கிலிருந்தும் நோயாளர் இந்நகருக்கு வருவர். கணினியில் மருந்தெழுதும் முறை பரவிய பின்னர், கையெழுத்து விளங்காமை என்னும் பழம்பிழை நீங்கியது. ஆனால் திரையிலுள்ள பட்டியலில் அடுத்த வரியைத் தொட்டுவிடுதல் என்னும் புதுப்பிழை தோன்றியது. அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை ஒத்த பெயர்களே அல்லவா? ஆகவே மருந்தாளர் உயரத்தையும் எடையையும் கொண்டு மீண்டும் கணிப்பதும், தாதியர் இருவர் தனித்தனியே சரிபார்ப்பதும் கணினி வந்த பின்னும் கைவிடத்தக்கன அல்ல.

இவை யாவும் மருத்துவமனைக்குள். வெளியே வந்த பின் மருந்துறை ஒன்றே துணை. அதில் தேசிய மொழியில் 'செகாலி செஹாரி' என்றோ 'செகாலி செமிங்கு' என்றோ அச்சாகியிருக்கும். முன்னது நாளுக்கு ஒருமுறை. பின்னது வாரத்திற்கு ஒருமுறை. முதற்சொல் ஒன்றே, இரண்டாம் சொல்லின் முதலெழுத்தும் ஒன்றே.

இங்கே நம் சொந்தக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குளுவாங் அருகே பால்மரத் தோட்டத்தில் உழைத்து முதுமையுற்ற நம் தமக்கையாருக்கு மூட்டுவாதத்திற்காக மெத்தோட்ரெக்சேட் தரப்பட்டிருந்தது. ஒரு நாள் புதிய உறையை நம்மிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். பேச்சின் நடுவே ஒரு பார்வை பார்த்து, "தினம் ஒரு வேளை அக்கா" என்றோம். அவர் உறையைத் திரும்ப வாங்கவில்லை. "போன மாசம் புதன்கிழமை மட்டும்னு சொன்னாங்களே தம்பி, மாத்திட்டாங்களா?" என்றார். மீண்டும் படித்தோம். 'செமிங்கு' என்றே அச்சாகியிருந்தது.

முனைவர் பட்டம் பெற்றவர் பிழைபடப் படித்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அதனைத் திருத்தினார். அவரைக் காத்தது 'புதன்கிழமை' என்னும் ஒரு சொல். யாரோ ஒருவர், வாரம் ஒருமுறை என்று சொல்லி நிறுத்தாமல், கிழமையின் பெயரையும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியை நடத்தும் நாளில் ஒரு மருந்துறையையும் வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். 'இரண்டு', 'இவ்விரண்டு' என்பவற்றின் வேறுபாட்டை அதன்மேல் எழுதிக் காட்டுங்கள். கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லும் பயிற்சியை மாணவர்க்கு அளியுங்கள். மருத்துவமனைகளில் வாய்மொழி ஆணையை உறுதிசெய்யும் முறையும் அதுவே.

மாணவர்களே, உங்களுள் பலர் பாட்டியின் கைபிடித்து மருத்துவமனைக்குச் சென்று மலாயையும் ஆங்கிலத்தையும் தமிழாக்கிச் சொல்பவர்கள். அப்பொழுது வள்ளுவர் கூறிய நான்காமவர் நீங்களே. விரைந்து மொழிபெயர்க்காதீர்கள். நாளா, வாரமா என்று கேளுங்கள். எந்தக் கிழமை என்று கேளுங்கள். ஐயம் நீங்கும்வரை மருந்தாளரை விடாதீர்கள். பாட்டி உங்களைத் திருப்பி வினவினால், சினவாமல் உறையை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.